ஒரு பெடலும் இரண்டு பொட்டும்

என் கண் போன கதையை எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தைரியத்தைப் பற்றி எழுதுங்கள், மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றார்கள். தைரியம் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. பொறாமை நிறைய இருந்தது. அந்த இரண்டு வருடமும் காலையில் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அதுதான். அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பிறந்த ஊர் கோபிசெட்டிபாளையம், கல்யாணமாகி வந்தது கோயம்புத்தூர் கணபதிக்கு. வீட்டுக்காரர் பழனிசாமி லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரே மகள் கவிதா ஐந்தாம் வகுப்பு. அவிநாசி ரோட்டில் ஒரு பம்ப் கம்பெனி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே மிஷின்.

சிறு வயதிலிருந்தே எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். வலது கண் பிறவியிலேயே சோம்பேறி. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. படித்தது, டைப் அடித்தது, பெண் பார்க்க வந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தது எல்லாம் இடது கண்தான்.

ஒரு திங்கட்கிழமை கொட்டேஷன் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தபோது தாளின் மேல் கொசு பறந்தது. கையால் விரட்டினேன். மறுபடியும் பறந்தது. பக்கத்து மேஜையில் தபால் கட்டிக்கொண்டிருந்த மாலதி சிரித்தாள். அவள் எங்கள் ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க், இருபத்து நாலு வயது.

"கொசுவே இல்லீங்களேக்கா, எதைத் தொரத்துறீங்க?"

அடுத்த இரண்டு நாள் கண்ணின் ஓரத்தில் வெல்டிங் பொறி மாதிரி வெளிச்சம் வெட்டியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலை சோறு வடிக்கும்போது கீழேயிருந்து ஒரு சாம்பல் நிறத் திரை ஏறியது. சட்டி தெரிந்தது, கீழே அடுப்பு தெரியவில்லை. "ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கண் ஆஸ்பத்திரியில் முதலில் சொட்டு மருந்து விட்டார்கள். கண் பாப்பாவை விரிய வைக்கிற மருந்து. எரியும். கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். கால் மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து தாடையை நிமிர்த்தி மறுபடி விடுவார். இருபது முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ கூட்டுப் பிரார்த்தனை மாதிரி உட்கார்ந்திருப்போம். பெரிய டாக்டர் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"கண்ணுக்குள்ள பின்பக்கம் மெல்லிசா ஒரு திரை இருக்குதுங்க. கேமராவுல பிலிம் இருக்கிற மாதிரி. அதுல ஒரு ஓட்டை விழுந்து தண்ணி பின்னால எறங்கிருச்சு. செவுத்துல ஈரம் ஊறுனா பெயிண்ட் உரிஞ்சு வருமில்லீங்க, அப்படி உரிஞ்சுட்டு வருது. சீக்கிரம் ஒட்டணும்."

"ஒட்டிப்போட்டா பழையபடி தெரியுமுங்களா?"

"ஒட்டிப் பாப்போமுங்க" என்றார் டாக்டர்.

கண்ணைச் சுற்றி ஒரு சிலிக்கான் பட்டை கட்டினார்கள். உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். அந்தக் குமிழி திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். குமிழி எப்போதும் மேலேதான் மிதக்கும். கண்ணின் பின்புறம் மேலே வர வேண்டுமானால் நாம் தரையைப் பார்த்துக் குனிந்தே கிடக்க வேண்டும். குப்புறப் படுக்க வேண்டும், குனிந்தே உட்கார வேண்டும், குனிந்தே கக்கூசுக்குப் போக வேண்டும். டீயை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, கீழேயிருந்து மேலே கையை நீட்டி இட்லி ஊட்டினார். கட்டிலின் விளிம்பில் தொங்கிய என் வாய்க்கு இட்லி கீழேயிருந்து வரும். சட்னி அவர் சட்டையில் சொட்டும். "பரவால்ல, பட்டறைச் சட்டைதான்" என்பார்.

பக்கத்துக் கட்டிலில் நூர்ஜஹான் அக்கா. கோட்டைமேட்டுக்காரர், நாற்பத்தைந்து வயது, வீட்டில் ரவிக்கை தைப்பவர். எனக்கு ஆன அதே நாளில், அதே ஆபரேஷன், அதே குமிழி. அவருக்கும் இன்னொரு கண் சரியில்லை. இரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே பேசுவோம். தையல் கூலியைப் பற்றி, மாமியாரைப் பற்றி, பிரியாணிக்கு எந்த அரிசி என்பதைப் பற்றி. ஒரு வாரம் அவர்தான் எனக்கு உலகம். அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குமிழி நாளாக நாளாகக் கரையும். கரையக் கரைய மேலே ஒரு கோடு போலப் பார்வை திறக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எட்டாம் நாள் கட்டைப் பிரித்து மருந்து விட்டபோது நூர்ஜஹான் அக்கா கத்தினார்.

"ஏம்மா சிவகாமி! மேலாப்புல கோடு தெரியுது! ஃபேன் ரெக்கை தெரியுதும்மா! மூணு ரெக்கை!"

"நல்லதுங்கக்கா" என்றேன். என் கண்ணில் கோடும் இல்லை, ரெக்கையும் இல்லை. சாம்பல்தான்.

அன்றிலிருந்து அவர் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலில் காக்கா உட்கார்ந்திருக்கிறது என்பார். டாக்டர் சட்டை கோடு போட்டது என்பார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த எழுத்தை அவர் ஒவ்வொன்றாகப் படித்தபோது தலைவலி என்று சொல்லித் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டேன். அவர் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துவிட்டார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

பத்தாம் நாள் காலை பரிசோதனை. இரண்டு பேரையும் அடுத்தடுத்த ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். டாக்டர் விரல் காட்டுவார், எத்தனை என்று சொல்ல வேண்டும். நூர்ஜஹான் அக்கா முதலில். "ரெண்டுங்க... அஞ்சுங்க... ஒண்ணுங்க." டாக்டர் ரொம்ப நல்லது என்றார். பிறகு என் முன்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அவர் சட்டையில் டெட்டால் வாசனை வந்தது. கை வந்திருக்கும் என்று நினைத்தேன்.

"ரெண்டுங்க" என்றேன். பதில் இல்லை. "அஞ்சுங்க" என்றேன்.

"சிவகாமி," என்றார் டாக்டர் மெதுவாக, "நான் இன்னும் கையே தூக்கலீங்கம்மா."

பக்கத்து ஸ்டூலில் நூர்ஜஹான் அக்கா மூச்சை இழுப்பது கேட்டது. பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவள் மாதிரி காதெல்லாம் சூடாகிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் அதற்கு முன் பட்டதில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு என் கண்மேல் கூட வருத்தம் வரவில்லை. நூர்ஜஹான் அக்காவின் கண்மேல்தான் கோபம் வந்தது.

இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள். குமிழிக்குப் பதில் இந்தத் தடவை எண்ணெய். ஆறு வாரம் கழித்து டாக்டர் என்னையும் வீட்டுக்காரரையும் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். ஒட்டிய இடத்தில் தழும்பு வளர்ந்திருக்கிறது, காய்ந்த பசை சுருங்கித் தாளை இழுக்கிற மாதிரி அது திரையைச் சுருட்டிவிட்டது. இனிமேல் கத்தி வைத்தால் வலிதான் மிச்சம். வெளிச்சம் தெரியும் வலது கண் அப்படியே இருக்கும்.

காந்திபுரம் வந்து பஸ் மாறும்போது வீட்டுக்காரர், "இளநி குடிக்கிறியா?" என்றார். குடித்தேன். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கிற வசதி போய்விட்டது.

வீட்டில் எல்லோரும் எனக்காக ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள். அடுக்களையிலிருந்து பின்கட்டு வரை சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரச்சட்டத்தை அவர் அடித்து வைத்தார். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு என்று கவிதா போட்டு வைத்தாள். சாயங்காலம் அவர் பேப்பர் வாசித்துக் காட்டுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஒரு செய்தி முடிவதற்குள் அடுப்பில் பருப்பு வெந்துவிடும். அவர் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இவருக்கு எதற்கு இரண்டு கண், தலைப்பை முடிக்கவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிற ஆளுக்கு என்று நினைத்திருக்கிறேன். என் மகள் வீட்டுப்பாடம் செய்யும்போது பென்சில் தாளில் ஓடுவதைக் கேட்டு, பெற்ற பெண்ணின்மேலேயே பொறாமைப்பட்டிருக்கிறேன். இதை அவர்கள் இரண்டு பேரிடமும் இப்போதுதான் சொல்கிறேன்.

நூர்ஜஹான் அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் கைப்பட எழுதியது. கவிதா வாசித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள், வீட்டுக்கு வா, உனக்கு அளவெடுத்து ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்று எழுதிவிட்டு, கடைசியில், "ஊசியில் நானே நூல் கோக்கிறேன்" என்று ஒரு வரி. கவிதாவின் கையிலிருந்து வாங்கிக் கிழித்துப் போட்டேன். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவே இல்லை.

லீவு நீட்டிக்கும் காகிதத்தைக் கொடுக்க வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போய் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"ஏனுங்க, என் மிஷின்ல ஆரு உக்காந்திருக்காங்க?"

செருப்பைச் சுவரோரமாக வைத்துவிட்டுச் சொன்னார். "அந்தப் புள்ள மாலதிதான். டைப்பிங் லோயர் பரீட்சை பாஸ் பண்ணிருக்குதாமா. உன்னை நெம்ப விசாரிச்சுது."

மாலதிக்கு என் மேஜையில் உட்கார்ந்து பழக்கிவிட்டதே நான்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கை பழகட்டும் என்று விடுவேன். அவள் ரிப்பனை மாட்டினால் எப்போதும் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கைச் சரிசெய்தது என் விரல்.

அதற்கு அடுத்த மாதம் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் சீட்டு எடுக்கப் போனார். நான் மாடி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர் அறையிலிருந்து டைப்ரைட்டர் சத்தம் வந்தது. பதினோரு வருடம் கேட்ட காதுக்கு அதிலேயே எல்லாம் தெரியும். ஒவ்வொரு தட்டும் ஒரே அழுத்தம், ஒரே சீர். மணி அடித்த அடுத்த நொடி வரி மாறுகிறது. நிமிடத்துக்கு ஐம்பது வார்த்தைக்குக் குறையாது. என் கை அந்த அளவுக்கு வந்ததில்லை. யாரோ ஒரு மகராசி, கண்ணை வைத்துக்கொண்டு கூலாக அடிக்கிறாள் என்று வயிறு எரிந்தது. நடந்து போன நர்ஸை நிறுத்திக் கேட்டேன்.

"உள்ள டைப் அடிக்கிறது ஆருங்க, சிஸ்டர்?"

"அது தேவகிங்க. டாக்டருங்க பேசி வெக்கிற டேப்பைக் கேட்டு ரிப்போர்ட் அடிக்கும். அந்தப் புள்ளைக்குக் கண்ணு தெரியாதுங்க, பொறந்ததுலேருந்தே."

இந்த இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண் இருக்கிறவள் என்னைவிட வேகமாக அடித்தால் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இவளுக்கு என்ன சமாதானம் சொல்வது? நூர்ஜஹான் அக்காமேல் பட்டதைவிட, மாலதிமேல் பட்டதைவிட, முகம் தெரியாத அந்தப் பெண்மேல் பட்ட பொறாமை பெரியது. சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"ஆருங்க?" சத்தம் நின்றது. சின்னக் குரல், இருபத்தைந்துக்கு மேல் இருக்காது.

என் பெயரைச் சொன்னேன், நானும் டைப்பிஸ்ட் என்றேன், கண் போய்விட்டது என்றேன். மேஜையைத் தடவியபோது ஏதோ பெட்டி மாதிரிக் கையில் பட்டது.

"தொடாதீங்க" என்றாள் உடனே. "டேப்பு எங்க நிக்குதுன்னு எனக்கொரு கணக்கு இருக்குதுங்க. நீங்க நகத்திப்போட்டா நான் மொதல்லருந்து கேக்கோணும்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். அது சாதாரண டேப் ரிக்கார்டர் இல்லை. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் கேசட் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் அமுக்கினால் இரண்டு மூன்று வார்த்தை பின்னால் போகும். கை டைப்ரைட்டர் சாவிகளை விட்டு நகரவே வேண்டாம்.

"செருப்பைக் கழட்டிட்டு ஒரே ஒருக்கா வெச்சுப் பாருங்க" என்றாள், மனசில்லாமல்.

வைத்தேன். காதில் ஒரு டாக்டரின் குரல் ஓடியது, நின்றது, ஓடியது. என் உள்ளங்காலுக்கு அது கட்டுப்பட்டது. எட்டு மாதத்தில் எனக்குக் கட்டுப்பட்ட முதல் பொருள்.

"உங்களுக்கு எப்படிங்க எழுத்து தெரியும்?" என்று கேட்டேன். குரலில் விஷம் இருந்திருக்க வேண்டும்.

"எஃப்-லயும் ஜே-லயும் பொட்டு ஒட்டியிருக்குதுங்க. ரெண்டு ஆள்காட்டி விரலும் அங்க நின்னா மத்ததெல்லாம் தானா வரும்." பிறகு அவளே சொன்னாள். "கண்ணு போன உங்களுக்கெல்லாம் வார்டே கூடி அழுகுதுங்க. நான் தெனமும் கேக்குறேன். எனக்குன்னு ஆரும் அழுததில்லை. பொறந்ததே இப்படின்னு விட்டுப்போட்டாங்க. சரி, என்ர பெடலைக் குடுங்க, ரிப்போர்ட்டு கெடக்குது."

காலை எடுத்தேன். அவளும் என்மேல் ஒரு பொறாமை வைத்திருந்தாள் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதுவது என்று முடிவு செய்தேன். பெடல் வைத்த டேப் ஒன்று வாங்கித் தாருங்கள், மேனேஜர் கடிதங்களைப் பேசி வைத்தால் நான் அடித்துத் தருகிறேன் என்று. அதை நானே டைப் அடித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பத்துக்கே அர்த்தம் இல்லை. கணபதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மத்தியானம் மிஷின் சும்மா கிடக்கும். அங்கே போய் உட்கார்ந்தேன். பொட்டு பற்றித் தேவகி சொன்னது ஞாபகம் இருந்தது. பதினோரு வருடம் அடித்தவளுக்குப் பொட்டு எதற்கு என்று நினைத்தேன்.

ஒரு பக்கம் முழுக்க, ஆங்கிலத்தில், நிறுத்தாமல் அடித்தேன். கடைசி வாக்கியத்தைத்தான் ரொம்ப யோசித்து வைத்திருந்தேன். ஒரு மாதம் என் வேலையைப் பாருங்கள், திருப்தி இல்லாவிட்டால் நானே ராஜினாமா தருகிறேன் என்பது அது. முடித்துத் தாளை உருவி, என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"எப்படிங்க இருக்குது?"

"வரி நேரா இருக்குது" என்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

அவரே கொண்டுபோய் மாலதியிடம் கொடுத்து, மேனேஜரிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தார். பத்து நாளில் வரச் சொல்லி ஆள் வந்தது. மஞ்சள் நிறச் சுங்கடிச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அது மஞ்சள்தான் என்று கவிதா சத்தியம் செய்தாள்.

மேனேஜர் மரியாதைக்காரர். "வாங்க சிவகாமி, உக்காருங்க. மாலதி, காப்பி சொல்லும்மா." மாலதி காப்பி சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்க வேண்டிய கடிதங்களோடு அறையிலேயே நின்றாள். அவள் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கம்பெனியில செட்டில்மென்ட் குடுத்து உங்களை ஊட்ல ஓய்வா இருக்கச் சொல்லலாம்னுதான் பேசினோம். ஆனா உங்க லெட்டரைப் பாத்துட்டு முதலாளியே அசந்துட்டாருங்க. ஒரு தப்பு இல்லை! கடைசி வரி படிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." அவர் ஆங்கிலத்தில் அதை வாசித்தார். பார்வை இழந்த இந்த ஏழைப் பெண்ணின்மேல் கருணை காட்டி உதவுமாறு காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன் என்று பொருள்.

அது என் வரி இல்லை. மாலதியின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

"மாலதி," என்றேன். "இதை அடிச்சது ஆரு?"

காப்பியை மேஜையில் வைத்தேன்.

"சொல்லு கண்ணு."

"நானுங்கக்கா." அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "நீங்க கையை ஒரு சாவி தள்ளி வெச்சு அடிச்சுப்போட்டீங்க. பக்கம் பூரா வேற எழுத்தா இருந்துச்சு. நான் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சாவி பின்னால தள்ளித் தள்ளிப் படிச்சு மறுக்கா அடிச்சேன். கடைசி வாக்கியம் ரெண்டு வார்த்தையோட நின்னுபோச்சுங்க. தாள் முடிஞ்சு உருளை மேல அடிச்சிருக்கீங்க. என்ன எழுதுனீங்கன்னு தெரியாம நானா போட்டேன்."

எத்தனை மணி நேரம் உட்கார்ந்து அதைப் பிரித்திருப்பாள் என்று இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. என் நாற்காலியை எடுத்தாள், என் மிஷினை எடுத்தாள், என் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டாள் என்றுதான் தோன்றியது. அதைவிட, பேசாமல் இருந்துவிட்டால் வேலை கிடைத்துவிடும் என்பதும் தெரிந்தது. முதலாளி அசந்துபோயிருக்கிறார். கருணை காட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறக்காமல் காப்பியைக் குடித்தால் போதும்.

"சார்," என்றேன், "அந்தக் கடைசி வரி என்னுது இல்லீங்க. கருணை கேட்டு நான் எழுதலை. ஒரு மாசம் என் வேலையைப் பாருங்க, புடிக்கலீன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போயர்றேன்னுதான் எழுதினேன்."

மேனேஜர் தாளை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. "அதெல்லாம் சரிங்க. ஆனா நீங்க அடிச்சது பூரா தப்புன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சே. நாளைக்கு என் லெட்டரை இப்படி அடிச்சு ஒரு பார்ட்டிக்கு அனுப்பினா கம்பெனி பேரு என்னாகும்?"

நியாயமான கேள்வி. எனக்குத் தேவகியின் சின்னக் குரல் காதில் கேட்டது.

"விண்ணப்பத்துல இன்னும் ரெண்டு சேத்துக்கோங்க சார். எஃப்-லயும் ஜே-லயும் ஒவ்வொரு பொட்டு வேணும். அது இருந்தா கை தள்ளிப் போகாது. எனக்குத் தேவைப்படாதுன்னு கர்வத்துல உட்டுப்போட்டேன். அடிச்சதை ஒரு மாசத்துக்கு ஆராவது ஒருத்தர் படிச்சுப் பாக்கோணும். அதையும் சேத்துக்கோங்க."

"நான் படிச்சுப் பாக்கறேனுங்க சார்" என்றாள் மாலதி.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

மேனேஜர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். பெடல் வைத்த டேப் சென்னையிலிருந்து வர இரண்டரை மாதம் ஆயிற்று. பொட்டு மட்டும் என் வீட்டுக்காரர் வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசைத் திறக்கச் சொல்லி, பட்டறையிலிருந்து பித்தளைத் துணுக்குகளை அரிசி அளவுக்கு அராவிக் கொண்டுவந்து ஒட்டினார். விரலில் குத்துகிறதா என்று தன் விரலால் இருபது தடவை அழுத்திப் பார்த்தார்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று கடிதம்தான் முடிந்தது. தாள் எங்கே முடியும் என்று வரிகளை எண்ணக் கற்றுக்கொண்டேன். மாலதி ஒவ்வொன்றையும் வாசித்துத் தப்பு எங்கே என்று சொல்வாள். அவள் "நாலாவது வரியிலங்கக்கா" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன். தப்பு குறைய வேண்டும் என்று நான் பாடுபட்டதற்குப் பாதிக் காரணம் அவள் வாயால் அதைக் கேட்கக் கூடாது என்பதுதான். மூன்றாவது வாரம் ஒரு நாள் ஏழு கடிதத்தில் ஒரு தப்பும் இல்லை என்றாள். பொய் சொல்கிறாளோ என்று கவிதாவை வரவழைத்து இன்னொரு தடவை எழுத்து எழுத்தாக வாசிக்க வைத்தேன். தப்பு இல்லை. மாதம் முடிந்ததும் மேனேஜர் அடுத்த கேசட்டை அனுப்பினார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. மணி ஐந்து. அன்றைய கேசட்டை முடித்து மிஷினுக்கு உறை போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் கீழே காத்திருந்தார். மேனேஜர் அறையிலிருந்து மணி அடித்தது. அவசரக் கடிதங்களுக்கு மாலதி நோட்டுப் புத்தகத்தோடு அவர் எதிரில் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். அவர் யோசித்து யோசித்துப் பேசி முடிக்க ஆறேகால் ஆகும். அவள் ஊர் அவிநாசிக்கு அந்தப் பக்கம்.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கென்னங்கக்கா," என்றாள், "அவரு பேச்சைப் பொட்டியில அடைச்சு வெச்சுக் கேட்டுப்போட்டு அஞ்சு மணிக்குக் கௌம்பிர்றீங்க. வேணுமின்னா ஓடுது, வேண்டாமின்னா கால எடுத்தா நிக்குது. நான் கேட்டா எனக்கு அப்படி ஒண்ணு வாங்கித் தருவாங்களா? என்ர பஸ்ஸு இன்னிக்கும் போச்சு."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். வார்டிலும் வீட்டிலும் வராந்தாவிலும் என் தொண்டையில் இருந்த அதே குரல். அதில் கருணை ஒரு சொட்டு இல்லை. கண் போன நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். இவள் வயிறு எரிந்து பேசுகிறாள்.

"கேட்டுப் பாரு கண்ணு," என்றேன். "விண்ணப்பம் நான் அடிச்சுத் தர்றேன்."

படியிறங்கும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சிரிச்சுட்டே வார்றே?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன்.